தொண்ணூறாவது நாள் ராத்திரி

எங்கள் கிளைக்கு வரும் லேத் பட்டறைக்காரர் ஒருவர். சேலம் பக்கம். பொம்மசந்திரா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு சி.என்.சி. மெஷின், ஐந்து ஆட்கள் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் காலை ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார்.

"சார், நேத்து சாயங்காலம் வரைக்கும் செக் பாஸாச்சு. இன்னைக்குப் பசங்களுக்குச் சம்பளம் போடலாம்னா அக்கவுண்ட் நின்னு போச்சுங்குது. யார் சார் நிறுத்துனது?"

"யாரும் நிறுத்தலைங்க. ராத்திரி கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு."

சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் சொல்லும் பதிலா இது? ஆனால் அதுதான் உண்மை. மெஷின் வாங்கிய கடனில் தவணை பாக்கி. தொண்ணூறு நாள் முடிந்துவிட்டது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது சிஸ்டம் அவரை 'என்.பி.ஏ.' என்று குறித்துவிட்டது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சி.சி. அக்கவுண்டும் கூடவே படுத்துவிட்டது.

யார் நிறுத்தியது என்று அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. வீட்டுக்கடன், கார் கடன் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கடுதாசி காலம்

நம் தாத்தா காலத்தில் கடன் முற்றிப்போனால் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்பார்கள். "ஐ.பி. கொடுத்துட்டான்" என்றும் சொல்வார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் 1909-இல் ஒரு திவால் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-இல் இன்னொன்று. இரண்டுமே கோர்ட் வழியாக நடப்பவை. மனு போட வேண்டும், கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போகும், நீதிபதி விசாரிப்பார். அவமானம்தான். ஆனால் கடன்பட்டவன் வாயைத் திறந்து "இப்படி ஆகிப்போச்சுங்க" என்று சொல்ல ஓர் இடம் இருந்தது.

வங்கிக்குள் கதை வேறு. எந்தக் கடன் நல்ல கடன், எது கெட்ட கடன் என்பதை ரொம்ப காலத்துக்கு மேனேஜரும் ஆடிட்டரும்தான் முடிவு செய்தார்கள். 1985-இல் ரிசர்வ் வங்கி 'ஹெல்த் கோடு' என்று ஒரு முறை கொண்டுவந்தது. ஒன்று முதல் எட்டு வரை எண். ஒன்று என்றால் ஆரோக்கியம், இரண்டு ஒழுங்கில்லாதது, மூன்றும் நான்கும் நோயாளிகள், ஐந்து திருப்பிக் கேட்ட கடன், ஆறு வழக்குப் போட்டது, ஏழு தீர்ப்பானது, எட்டு கிட்டத்தட்ட பாடை. எந்த எண் கொடுப்பது என்பதில் மனுஷனின் அபிப்பிராயத்துக்கு நிறைய இடம். நாள் கணக்கு அதில் முக்கியம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பி.காம். முதல் வருஷத்தில் 'அக்ரூவல்' என்று சொல்லிக் கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பணம் கைக்கு வராவிட்டாலும், வரவேண்டிய தேதி வந்துவிட்டால் வருமானமாக எழுதிக்கொள்ளலாம். வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டன. கடன்காரர் வட்டியே கட்டாமல் இருப்பார். வங்கி அந்த வட்டியை அவர் கணக்கில் ஏற்றிவிட்டு அதையே லாபமாகவும் காட்டும். வழக்கு, தீர்ப்பு, சந்தேகக் கடன் என்று போன பிறகுதான் இது நிற்கும். அதுவரை காகிதத்தில் லாபம், பெட்டியில் ஒன்றும் இல்லை.

நாள் கணக்கு வந்த கதை

1991-இல் நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் தங்கத்தை அடகு வைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் ஆகஸ்டில் எம். நரசிம்மம் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1977-இல் சில மாதங்கள் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர். நவம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். அதன் சாரத்தை ஒரே வரியில் சொன்னால், வராத வட்டியை வருமானம் என்று எழுதாதே.

1992 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அதை விதியாக்கியது. அப்போது கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். அந்த டிசம்பரில் பொறுப்புக்கு வந்து அதை நடைமுறைப்படுத்தியவர் அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன். (நம்மாட்கள் இரண்டு பேர் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதா, பட்டறைக்காரரிடம் சொல்லாமல் மறைப்பதா என்று தெரியவில்லை.)

ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்கவில்லை. 1993 மார்ச்சில் முடிந்த வருஷத்துக்கு நான்கு காலாண்டு பாக்கி இருந்தால் என்.பி.ஏ., அடுத்த வருஷம் மூன்று, 1995 மார்ச் முதல் இரண்டு. அதாவது ஆறு மாதம். இந்த அளவுகோலை முதன்முதலாக வைத்துப் பார்த்தபோதே, 1993 மார்ச்சில் அரசு வங்கிகள் கொடுத்திருந்த கடனில் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 23 ரூபாய் என்.பி.ஏ. என்று தெரிந்தது. அதுவரை லாபம் காட்டிக்கொண்டிருந்த வங்கிகள் பல நஷ்டத்தில் விழுந்தன.

பிறகு உலகப் பழக்கத்தை ஒட்டி 2004 மார்ச் 31 முதல் ஆறு மாதம் 90 நாளானது. விவசாயத்துக்கு மட்டும் பயிர்ப் பருவக் கணக்கு. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். நெல்லுக்குக் காலண்டர் பார்த்துக் கதிர் விடத் தெரியாது என்பதை ஒத்துக்கொண்டார்கள். பட்டறைக்கு அந்தச் சலுகை இல்லை.

தமிழில் இதற்கு 'வாராக்கடன்' என்று பெயர் வைத்துவிட்டோம். இங்கிலீஷ் பெயரின் நேர் அர்த்தம் 'செயல்படாத சொத்து', அவ்வளவுதான். இப்போதைக்கு வருமானம் தரவில்லை என்கிற நிலைமை. 'வாரா' என்றால் வரவே வராது என்று தீர்ப்பே சொன்ன மாதிரி. ஒரு பெரியவர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "வாராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா தம்பி?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

நான் செய்த ஒரு போன்

90 நாள் விதி வந்த சமயத்தில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். லிஸ்ட் கம்ப்யூட்டரில் வரும். ஆனால் கடைசி முடிவு மனுஷன் கையில். மார்ச் 31 நெருங்கினால் கிளையே போனும் கையுமாக இருக்கும். "வட்டியை மட்டுமாவது கட்டிடுங்க சார்" என்று கெஞ்சுவோம். பெரிய இடங்களில் பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக் கடனே கொடுப்பதுண்டு. இலைக்கு அடியில் சோற்றை மறைப்பது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாட்களில் ஒரு மார்ச் மாதம் என் லிஸ்டில் இரண்டு பேர். கிட்டத்தட்ட ஒரே அளவு கடன், ஒரே அளவு பாக்கி. ஒருவர் தமிழ்க்காரர், கிளைக்கு வந்தால் ஊர்க்கதை பேசுவார், பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தவர். இன்னொருவர் பீகார்க்காரர், அதிகம் பேசமாட்டார். முதலாமவருக்கு நாலு தடவை போன் செய்தேன். எங்கேயோ புரட்டிக் கொண்டுவந்து கட்டித் தப்பித்தார். இரண்டாமவருக்குத் தபாலில் ஒரு நோட்டீஸ் போனது. அதோடு சரி. அவர் கணக்கு என்.பி.ஏ. ஆனது.

விதியை நான் மீறவில்லை. ஒரு போன் செய்தேன், ஒரு போன் செய்யவில்லை, அவ்வளவுதான். வெளியூரில் பிழைக்க வந்து மொழி தெரியாமல் முழிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த நானே அப்படித்தான் செய்தேன். "மனுஷன் இருந்தப்ப நல்லா இருந்துச்சு, மெஷின் வந்து கெடுத்துடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த பீகார்க்காரர் முகம்தான் ஞாபகம் வரும்.

என் கதை சின்னது. பெரிய அளவில் நடந்தது 2015-இல் வெளியே வந்தது. அப்போது கவர்னர் ரகுராம் ராஜன். ரிசர்வ் வங்கி வங்கிகளின் கடன் புத்தகங்களைத் துருவிப் பார்த்தது. நல்ல கடன் என்று காட்டப்பட்டிருந்த எத்தனையோ பெரிய கம்பெனிக் கடன்கள் உண்மையில் அப்படி இல்லை. 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் 100-க்கு 11 ரூபாய்க்கு மேல் என்.பி.ஏ. என்று கணக்கு நின்றது. மனுஷக் கை மேல் இருந்த நம்பிக்கை அதோடு போயிற்று.

கை எடுக்கப்பட்டது

வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்த கதையிலும் அதே ரங்கராஜன் பெயர் வரும். ரிசர்வ் வங்கியில் துணை கவர்னராக இருந்தபோது அவர் தலைமையில் இரண்டு குழுக்கள் அறிக்கை கொடுத்தன. 1984-இல் ஒன்று, 1989-இல் ஒன்று. யூனியன்கள் எதிர்த்த காலம் அது. கிளைக்குள் ஒரு பெட்டியாக வந்த கம்ப்யூட்டர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கோர் பேங்கிங்' ஆகி எல்லாக் கிளைகளையும் ஒரே கயிற்றில் கட்டியது. பல வங்கிகள் ஓட்டும் ஃபினாக்கிள் மென்பொருளை எழுதும் இன்ஃபோசிஸ், இங்கே பக்கத்திலேயே எலக்ட்ரானிக் சிட்டியில்தான் இருக்கிறது. அங்கே புரோகிராம் எழுதும் நம் பிள்ளைகளும், இங்கே ஷெட்டில் இரும்பைக் கடைபவர்களும் ஒரே ஓசூர் ரோட்டில்தான் டிராஃபிக்கில் நிற்கிறார்கள்.

சிஸ்டமே என்.பி.ஏ.வைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2011-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பல வங்கிகள் இழுத்தன. 2020 செப்டம்பர் 14-இல் கண்டிப்பான சுற்றறிக்கை வந்தது. 2021 ஜூன் 30-க்குள் எல்லாக் கடன் கணக்கும், சின்னது பெரியது பேதமில்லாமல், ஆள் கை படாமல் தானாகவே வகைப்படுத்தப்பட வேண்டும். விதிவிலக்காக யாராவது மாற்றினால் குறைந்தது இரண்டு கட்ட அனுமதி வேண்டும், யார் எப்போது மாற்றினார் என்கிற தடயமும் சிஸ்டத்தில் இருக்க வேண்டும்.

2021 நவம்பர் 12-இல் இன்னொரு சுற்றறிக்கை, நாளைக்கூடப் பிசிறில்லாமல் சொல்லிக் கொடுத்தது. தவணை தேதி மார்ச் 31. அன்று ராத்திரி கணக்கு முடிப்பதற்குள் முழுப் பணம் வரவில்லை என்றால் அன்றே பாக்கி. ஏப்ரல் 30 ராத்திரி 'எஸ்.எம்.ஏ. 1', மே 30 ராத்திரி 'எஸ்.எம்.ஏ. 2', ஜூன் 29 ராத்திரி என்.பி.ஏ.

பட்டறைக்காரர் கேட்ட 'யார்' என்பதற்கு இதுதான் பதில். 1991-இல் ஒரு குழு, 2004-இல் ஒரு விதி, 2015-இல் கிளம்பிய ஒரு நாற்றம், 2020-இல் ஒரு உத்தரவு.

நாளை நகர்த்தவும் முடியும்

ஆனால் 90 என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனபோது சின்னக் கடன்களுக்கு முதலில் 60 நாள், பிறகு இன்னும் 30 நாள் கூட்டிக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. வந்து சிறுதொழில்கள் தடுமாறியபோது, 2018 பிப்ரவரியில், பதிவு செய்த சிறு நிறுவனங்களின் குறிப்பிட்ட கால பாக்கிகளுக்கு 180 நாள் கொடுத்தார்கள். கொரோனாவில் 2020 மார்ச் 27-இல் மூன்று மாதத் தவணை விடுப்பு, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டிப்பு. அந்த செப்டம்பர் 3-இல் உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 31 வரை என்.பி.ஏ. ஆகாத கணக்கை மறு உத்தரவு வரும்வரை அப்படி அறிவிக்கக் கூடாது என்றது. 2021 மார்ச் 23-இல்தான் அந்தத் தடை விலகியது. வட்டிக்கு வட்டி கூடாது என்றும் அன்றைய தீர்ப்பு சொன்னது.

ஊருக்கே கஷ்டம் வந்தால் மும்பையில் உட்கார்ந்து நாளை நகர்த்துகிறார்கள். ஒருத்தனுக்கு மட்டும் கஷ்டம் வந்தால்? பெண்டாட்டிக்கு ஆபரேஷன், பெரிய ஆர்டர் ரத்து, கூட்டாளி ஓடிப்போனான் என்றால்? அதைக் கேட்கும் காது ராத்திரி ஓடும் புரோகிராமுக்கு இல்லை.

கோர்ட்டுகள் மற்ற விஷயங்களில் அந்தக் காதை வைத்திருக்கின்றன. அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்கலாம் என்று 2002-இல் சர்ஃபேசி சட்டம் வந்தது. 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், முறையிடுவதற்கே 75 சதவீதம் முன்பணம் என்ற பிரிவை ரத்து செய்தது. கடன்காரரின் ஆட்சேபத்துக்கு வங்கி பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று அந்த வருஷமே சட்டமும் திருத்தப்பட்டது. 2023 மார்ச்சில், ஒரு கணக்கை 'மோசடி' என்று முத்திரை குத்துமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது இன்னொரு தீர்ப்பு. ஆனால் என்.பி.ஏ.வுக்கு விசாரணை எதுவும் இல்லை. வெறும் கூட்டல் கழித்தல்.

அப்படியானால் காது எங்கே? 90-வது நாளுக்கு முன்னால் இருக்கிறது. சிறுதொழில்களுக்காக 2015-இல் மத்திய அரசும் 2016-இல் ரிசர்வ் வங்கியும் ஒரு ஏற்பாடு செய்தன. கணக்கு என்.பி.ஏ. ஆகும் முன்பே வங்கி தொல்லையைக் கண்டுபிடித்து, கமிட்டியில் வைத்து, தவணையை மாற்றுவதா, கூடுதல் கடனா, வசூலா என்று பேச வேண்டும். கடன்காரரும் தானே எழுதிக் கேட்கலாம். இது வங்கியைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, உரிய நேரத்தில் வாயைத் திறக்காமல் எல்லாம் முடிந்த பிறகு வந்து இதைக் கேட்க முடியாது என்றும் சொன்னது.

எண்ணப்படாத நாட்கள்

பட்டறைக்காரர் ஏன் தவணை கட்டவில்லை? குடித்து அழிக்கவில்லை. அவர் பார்ட்ஸ் போடும் கம்பெனி நாலு மாதமாகப் பணம் தரவில்லை. 2006-இல் வந்த சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுத்தே ஆகவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அந்த 45-வது நாள் ராத்திரி எந்தக் கம்ப்யூட்டரும் அந்தக் கம்பெனியின் கணக்கை நிறுத்தாது. இவர்தான் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்க 2017 முதல் 'ட்ரெட்ஸ்' தளங்கள் ஓடுகின்றன. அங்கேயும் வாங்கும் கம்பெனி பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும். 45 நாளில் கொடுக்காவிட்டால் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிடி வந்திருக்கிறது. கொஞ்சம் பயம் வந்திருக்கிறது என்கிறார்கள்.

என் ஆதங்கம் இதுதான். கொடுக்கவேண்டியவனுடைய நாளை எண்ண மெஷின் வைத்தோம். அவனுக்கு வரவேண்டிய பணத்தின் நாளை எண்ண ஒன்றும் வைக்கவில்லை.

வீட்டுக்கு ஆகும் கணக்கு

நமக்கு உபயோகமான மூன்று விஷயம்.

ஒன்று: கட்டும் பணம் முதலில் பழைய பாக்கிக்குப் போகும். ஜனவரி 5 தவணை தவறிப்போய், பிறகும் கட்டவில்லை என்றால், ஏப்ரல் 5 ராத்திரி (பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள வருஷத்தில்) முத்திரை விழும். அன்று சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு தவணை முழுசாகக் கட்டினால் போதும், தப்பிக்கலாம். மறுநாள் என்றால் நான்கு தவணையும் கட்டினால்தான் முத்திரை நீங்கும். ஒரு ராத்திரியில் ஒன்று நாலாகிறது.

இரண்டு: முத்திரை ஆளுக்கு, கணக்குக்கு இல்லை. ஒரே வங்கியில் உங்கள் பெயரில் மூன்று கடன் இருந்து ஒன்று விழுந்தால் மூன்றும் விழும்.

மூன்று: கடன் தகவல் நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கொரு தடவை தகவல் போகத் தொடங்கியது. தாமதமான நாட்கள் அதில் மாதவாரியாகத் தெரியும். தப்பாக ஏறியிருந்து, புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு கேட்கலாம்.

இதெல்லாம் தெரிந்தும், சம்பளம் நின்றால் வங்கிக்காரன் போனை எடுக்காமல் இருப்பதுதான் நம் பழக்கம். கௌரவம். அந்தக் கௌரவத்துக்கு வயசு 90 நாள்.

பட்டறைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டம்மா நகையை அடகு வைத்து, பாக்கி அத்தனையும் கட்டினார். கணக்கு மறுபடி திறந்தது. பசங்களுக்குச் சம்பளம் பத்து நாள் தாமதம். ஒரு பையன் நின்றுவிட்டான்.

போகும்போது, "முன்னாடியே ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்" என்றார். சிஸ்டத்திலிருந்து அவருக்கு மூன்று எஸ்.எம்.எஸ். போயிருந்தது, இங்கிலீஷில். அவர் பார்க்கவில்லை. நானும் போன் செய்யவில்லை. சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் 30 நாள் தாண்டியவர்கள் லிஸ்ட் வந்ததும் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் பேசுகிறேன். தமிழ், எனக்குத் தெரிந்த ஓட்டைக் கன்னடம், அதைவிட ஓட்டை ஹிந்தி. பாதிப் பேர் திட்டுகிறார்கள், கால்வாசிப் பேர் எடுப்பதில்லை. மிச்சம் இருப்பவர்களில் சிலர், "சார், நேர்ல வந்து சொல்றேன்" என்கிறார்கள். வருகிறார்கள்.

பி.கு: இங்கே சொன்னது என் சொந்தக் கருத்து, நான் வேலை பார்க்கும் வங்கியின் கருத்து அல்ல. தவணை தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். உங்களுக்கு மறந்தாலும் வீட்டில் யாராவது பார்ப்பார்கள்.